கோபால்ட்டின் மேல் பொறாமைப்பட்டவள்

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இந்தத் துறையில் இருக்கிறவர்களுக்கு அவள் யார் என்று தெரிந்துவிடும். கூடவே நான் யார் என்பதும் தெரிந்துவிடும்.

மும்பை செம்பூரில் ஒரு ரசாயனக் கம்பெனியின் பின்கட்டில் எங்கள் ஆய்வுக்கூடம் இருந்தது. ஏழு பேர். பாட்டரிக்குள் போகும் கறுப்புப் பொடியை விதவிதமாகச் செய்து பார்ப்பதுதான் எங்கள் வேலை. அவள் சேர்ந்த வாரம், திங்கட்கிழமைக் கூட்டத்தில் நான் ஒரு வரைபடத்தைக் காட்டினேன். என் செல் நூற்றுக்கணக்கான தடவை சார்ஜ் ஏறி இறங்கியும் கோடு சாயாமல் நேராகப் போயிருந்தது. எல்லோரும் 'வெரி நைஸ்' என்றார்கள். கடைசி நாற்காலியில் இருந்த புதுப் பெண் கையைத் தூக்கினாள். ஏதோ சந்தேகம் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"இதைப் பார்த்து எனக்கு ஜலன் ஆகுது" என்று இந்தியில் சொன்னாள். என்னைத் தமிழ் என்று அவளுக்கு ஏற்கெனவே யாரோ சொல்லியிருக்க வேண்டும். என் பக்கம் திரும்பித் தமிழில் இன்னொரு தடவை சொன்னாள். "வயிறு எரியுதுக்கா. நெசமாத்தான் சொல்லுதேன்."

எங்கள் தலைவர் வயதான மராத்திக்காரர். மனிதர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மத்தியானம் அவள் தன் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். சாப்பிட்டுக்கொண்டே அந்த வரைபடத்தைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டாள். மூன்றாவது கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் அடுத்த மாதம் நான் அந்தச் செல்லை இன்னும் மேலாக்கினேன். அப்போதும் வந்து நின்று, "இப்ப இன்னும் ஜாஸ்தியா எரியுது" என்றாள்.

அவள் அப்படித்தான். பொறாமை வந்தால் வந்த இடத்திலேயே, வந்த ஆளிடமே சொல்லிவிடுவாள். மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச் ஒன்று. பேசும்போது அதை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருப்பாள்.

சாயங்காலம் இருவரும் ஒரே ரயிலில் திரும்புவோம். அவள் குர்லாவில் இறங்கி வண்டி மாறி சயான் போய், அங்கிருந்து தாராவிக்கு நடப்பாள். நான் இன்னும் இரண்டு ஸ்டேஷன் தள்ளி கோலிவாடாவில் இறங்கி மாட்டுங்காவுக்கு பஸ் பிடிப்பேன். பெண்கள் பெட்டியில் முன்பின் தெரியாதவர்களிடம்கூட அவள் சொல்வாள். ஒரு நாள் எதிரே நின்ற குஜராத்திப் பெண்ணின் ஜிமிக்கியைப் பார்த்து, "ஆப்கா ஜும்கா தேக்கே ஜலன் ஹோத்தா ஹை" என்றாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தப் பெண் முதலில் திகைத்தாள், பிறகு சிரித்தாள். பிறகு காதிலிருந்து ஒன்றைக் கழற்றி அவள் காதில் வைத்துப் பார்த்தாள். குர்லா வருவதற்குள் இருவரும் போன் நம்பர் மாற்றிக்கொண்டார்கள்.

"உனக்கு வெட்கமா இல்லையா?" என்று மறுநாள் கேட்டேன்.

"எதுக்குக்கா? நல்லாருக்குன்னு சொன்னா பாதி பொய்யி. நல்லாருக்கு, எனக்கு இல்லியேன்னு இருக்குன்னு சொன்னாத்தான முழுசும் நெசம்?"

பிறகு தானாகவே ஒன்றைச் சொன்னாள். அவள் வீட்டில் நாலு பெண்கள். இவள் மூன்றாவது. ஒன்பது வயதில், மூத்த அக்காவுக்கு எடுத்த பட்டுப்பாவாடையைப் பார்த்துக்கொண்டே ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறாள். அப்பா தோல் பை தைக்கும் பட்டறையில் மேஸ்திரி. வீட்டில் கத்திரிக்கோலுக்குப் பஞ்சமில்லை.

"உள்ளேயே வச்சிருந்தா அது கத்திரிக்கோல எடுக்கச் சொல்லும்க்கா. ஒருக்கா எடுத்துட்டேன். அக்கா அழுத அழுகய இன்னும் காதுல கேக்கேன். அதுக்கப்பொறம் எது வந்தாலும் வாயால சொல்லிப் போடுவேன். சொல்லிட்டா போயிரும்."

நான் தலையாட்டினேன். எங்கள் வீட்டில் அப்படியொரு பழக்கம் கிடையாது. எங்களுக்குப் பொறாமையே வராது என்பதுதான் எங்களைப் பற்றி நாங்கள் வைத்திருந்த எண்ணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை மாட்டுங்காவுக்கு அழைத்துக்கொண்டு போனேன். என் அறையில் ஜன்னலோரம் அப்பா காலத்து மேஜை ஒன்று உண்டு. சின்ன வயதிலிருந்து அதில்தான் படித்தேன். அவள் அந்த மேஜையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, காப்பி கொண்டுவந்த அம்மாவிடம் சொன்னாள்: "மாமி, இந்த மேசயப் பாத்து எனக்கு வயிறு எரியுது. நாங்க நாலு பேரும் ஒரே பாய்ல இருந்து படிச்சோம்."

அவள் படியிறங்கியதும் அம்மா உப்பையும் மிளகாயையும் கையில் எடுத்துக்கொண்டாள். "என்னடி இது! மூஞ்சிக்கு நேரா வயிறு எரியறதுங்கறா! அந்த மேஜைக்கும் உனக்கும் சேர்த்துச் சுத்திப் போடறேன், நில்லு." நானும் நின்றேன். அம்மா யார் கண்ணுக்குப் பயந்து சுற்றினாளோ அந்தக் கண் தெருமுனையைத் தாண்டிப் போயிருக்கும். பயப்பட வேண்டிய கண் அம்மாவுக்கு முன்னால் கிழக்கு பார்த்து நின்றுகொண்டிருந்தது.

ஏனென்றால் அதற்குள் எனக்கு அவளைக் கண்டால் ஆகாமல் போயிருந்தது.

காரணம் கோபால்ட். பாட்டரியின் கறுப்புப் பொடியில் நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் மூன்றும் இருக்கும். அவற்றின் அடுக்குகளுக்கு நடுவே லித்தியம் போய்வரும். நிக்கலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தன் அடுக்கை விட்டு லித்தியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தால் வழி அடைபடும். கோபால்ட்தான் அதை வரிசையில் நிறுத்தி வைக்கிறது என்று நாங்கள் படித்திருந்தோம். நான் முனைவர் பட்டம் வாங்கியதே அதை எழுதித்தான். ஆனால் கோபால்ட் விலை கூடியது. அதை எடுக்கும் தூரதேசத்துச் சுரங்கங்களில் ஆட்கள் வெறுங்கையோடு குழிக்குள் இறங்குகிறார்கள். அதனால் உலகம் முழுக்க எல்லோரும் கோபால்ட்டைக் குறைக்கப் பார்த்தார்கள். நூறு பங்கில் பத்தாக இருந்ததை ஐந்தாகக் குறைப்பது எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அடியோடு எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்கும் வேலை அவளுக்கு. யாரும் நம்பாத வேலை என்பதால்தான் அதைப் புதிதாக வந்தவளிடம் தள்ளினார்கள்.

"இந்தக் கோபால்ட்டு மேலயும் எனக்குப் பொறாமதாங்க்கா" என்றாள் ஒரு நாள், உலையைத் திறந்துகொண்டே. "சார்ஜச் சுமக்கது பூராவும் நிக்கலு. பேரு வாங்குதது கோபால்ட்டு. அது இல்லன்னா எல்லாம் நின்னுபோயிரும்னு ஒரு பயத்தக் கெளப்பி விட்டுட்டு உக்காந்துருக்கு. நெசமாவே வேல பாக்குதா, சும்மா பக்கத்துல நிக்குதான்னு ஒருத்தரும் எடுத்துட்டுப் பாக்கல."

"பார்த்திருக்கேன். என் தீசிஸ்ல இருக்கு" என்றேன்.

"படிச்சேன்க்கா. நீங்க கோபால்ட்ட எடுத்துட்டு அந்த எடத்த நிக்கல வச்சே ரொப்பியிருக்கிய. துளி மக்னீசியத்த வச்சா?"

ஆறு வருஷம் நான் எழுதியதில் இருந்த ஓட்டையை அவள் உலைக்கு முன்னால் நின்று, முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே காட்டிவிட்டாள். "நல்ல ஐடியா, செஞ்சு பாரு" என்று சிரித்தேன்.

ஜூலையில் மழை பிடித்துக்கொண்டது. நிக்கல் கூடுதலாக உள்ள பொடிக்கு மும்பை மழை எமன். காற்றின் ஈரம் பட்டால் பொடியின் மேல் ஒட்டியிருக்கும் மிச்ச லித்தியம் வேலையைக் காட்டும். பொடியைப் பசையோடு கலந்து அலுமினியத் தகட்டில் பூச வேண்டும்; என் பசை பூசுவதற்கு முன்பே ஜெல்லியாக இறுகிப்போனது. கரண்டியை நட்டால் நின்றது. ஒரே வாரத்தில் நாலு கலவையைக் கொட்டினேன். அவள் பொடியில் நிக்கல் இன்னும் அதிகம். என்னுடையதற்கு முன்பே அது இறுகியிருக்க வேண்டும். அவளுடையதோ தயிர் கடைந்த மாதிரி வழவழவென்று தகட்டில் ஓடியது. பொடியைச் சில்லென்ற தண்ணீரில் ஒரே அலசு அலசி, உடனே ஆக்சிஜனில் மறுபடி சூடாக்கிக் காயவைத்திருக்கிறாள். ஈரத்துக்குப் பயந்து நான் அந்தப் பொடியைக் கண்ணாடிக் குப்பிக்குள் பூட்டி வைத்துக்கொண்டிருந்தபோது, அவள் அதைத் தண்ணீருக்குள்ளேயே போட்டுவிட்டாள்.

தலைவர் கூட்டத்தில் அவளை எழுந்து நிற்கச் சொன்னார். "இவளிடம் போய்க் கற்றுக்கொள்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான்தான் முதலில் கை தட்டினேன்.

செல்களைக் கிளிப்பில் கவ்வவைத்துச் சோதிக்கும் இயந்திரம் என் பொறுப்பு. யாருடைய செல் எந்தக் கிளிப்பில் ஓட வேண்டும் என்று நான்தான் பிரித்துக் கொடுப்பேன். ஜன்னலோரத்து மூன்று கிளிப்புகளில் மழைச்சாரல் பட்டுப் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. அதை நான் கவனித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. களிம்பு இருந்தால் தொடுமுனையில் மின்தடை கூடும். நல்ல செல்லும் நோயாளியைப் போல் தெரியும். 'உபயோகிக்க வேண்டாம்' என்று சீட்டு எழுதி வைத்திருந்தேன். அது என் மேஜை டிராயரில்தான் இருந்தது.

அவள் தன் முதல் மூன்று செல்களை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தாள். கோபால்ட் இல்லாத செல்கள்.

"எங்ஙன போடட்டும்க்கா?"

"ஜன்னல் பக்கம் மூணுதான் காலி" என்றேன்.

திட்டமிட்டுச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். வேறு எட்டு காலியாக இருந்தது எனக்குத் தெரியாது என்றும் சொல்ல மாட்டேன்.

இரண்டு வாரத்தில் மூன்றும் படுத்தன. கோபால்ட் இல்லாவிட்டால் தடை கூடும் என்பது எல்லோரும் எதிர்பார்த்ததுதான்; அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கோபால்ட் பூஜ்யம் என்ற அவள் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவளை என் ஐந்து பங்கு வேலைக்கு உதவியாகப் போட்டார் தலைவர். அவள் வந்து என் பொடியையும் தண்ணீரில் அலசிக் காயவைத்துக் கொடுத்தாள். என் பசை இளகியது. என் செல்கள் ஓடின.

"இப்ப ஒங்களப் பாத்துத்தான் எனக்கு எரியுது" என்றாள் சிரித்துக்கொண்டே. "ஒங்க அஞ்சு ஓடுது. என் பூஜ்யம் செத்துப்போச்சு."

ஆனால் அவள் அதோடு விடவில்லை. ஆகஸ்டில் ஒரு நாள், செத்த செல் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். "பாருங்கக்கா. உள்ள பளிச்சுன்னு இருக்கு. ஒரு கறை இல்ல. செத்த செல்லு இப்பிடியா இருக்கும்?" வாட்ச்சைத் தள்ளிவிட்டுக்கொண்டே யோசித்தாள். "ஜன்னல் பக்கத்து மூணும் ஒழுங்காத்தான இருக்கு?"

"போன மாசம்தானே பார்த்தேன். சரியாத்தான் இருக்கு."

"ஒங்க நல்ல செல்லு மூணு தாங்க. அதுல போட்டுப் பாக்கேன். அதுவும் படுத்துச்சுன்னா கிளிப்புலதான் கோளாறு."

"சாப்பிட்டுட்டு வா, எடுத்து வைக்கறேன்" என்றேன்.

அவள் சாப்பிடப் போன அரை மணி நேரத்தில் நான் உப்புத்தாளை மடித்து மூன்று கிளிப்புகளையும் தேய்த்தேன். பச்சை போய்ப் பித்தளை பளபளத்தது. விரலில் ஒட்டிய தூளைக் குழாயடியில் கழுவினேன். முதல் தப்பு நடந்துபோனது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதை நான் கையால் தேய்த்துத் தேய்த்துச் செய்தேன். என் செல்கள் அந்தக் கிளிப்புகளில் அருமையாக ஓடின. பத்து நாள் பார்த்துவிட்டு அவள், "அப்ப தப்பு என் பொடிலதான்" என்றாள். மீதியிருந்த பூஜ்யப் பொடிக் குப்பிகளை ஒவ்வொன்றாகக் கழிவு டப்பாவில் கவிழ்த்தாள். நான் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து ஏதோ எழுதுகிற மாதிரி இருந்தேன்.

அன்று ரயிலில் கூட்டம் இல்லை. அவளுக்கு ஜன்னல் இடம் கிடைத்தது. திலக் நகர் தாண்டும்போது சொன்னாள்: "ஒங்க கைய நெனச்சாத்தாங்க்கா எனக்கு ரொம்பப் பொறாம. நீங்க ஓட்டுத செல்லு கூடவும் சொல்லாது, கொறயவும் சொல்லாது. எனக்கு அந்தக் கை வரல."

அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. அவள் திட்டியிருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன்.

"அந்த மூணு கிளிப்பும் களிம்பு ஏறிக் கிடந்தது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கொடுத்தேன். நீ சாப்பிடப் போனப்போ சுத்தம் பண்ணிட்டேன்."

அவள் கை வாட்ச்சின் மேல் நின்றது. குர்லா சிக்னலுக்காக வண்டி நின்றது. "ஏங்க்கா?" என்றாள்.

அந்தச் சொல்லை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. "பொறாமை."

எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். "அத அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சிரிச்சிருப்பம்லா" என்றாள். வண்டி நகர்ந்து பிளாட்பாரத்துக்கு வந்ததும் கதவருகே போய் நின்றாள். இறங்குவதற்கு முன் திரும்பி, "நாளைக்கு சார்ட்ட நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். அக்கா என்று சொல்லவில்லை.

நானே சொன்னேன். என்னை என்ன செய்யலாம் என்று தலைவர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். "மிஷின் பொறுப்பு மட்டும் வேண்டாம் சார். பொடி அவங்க நல்லாச் செய்வாங்க" என்று இந்தியில் சொன்னாளாம். சோதனைப் பதிவேடு அவள் கைக்குப் போனது. தூக்கிக் கொட்டிய பொடியை மறுபடி முதலிலிருந்து செய்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவளுடைய கோபால்ட் இல்லாத செல்கள் ஓடின. என் ஐந்து பங்குச் செல்களோடு போட்டி போட்டுக்கொண்டு ஓடின. கடைசியில் கொஞ்சம் முந்தவும் செய்தன. என் ஆராய்ச்சியின் பாதி அதோடு பழங்கதையாயிற்று.

அதன் பிறகு ஏழு மாதம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். நடந்ததை அவள் வெளியே ஒருவரிடமும் சொல்லவில்லை. என்னோடு முகம் கொடுத்துப் பேசினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். என் பொடி நன்றாக வந்தால் "குட் மேடம்" என்றாள். மற்றவர்களிடம் பழையபடி வயிறு எரிந்தாள். என்னிடம் ஒரு தடவைகூட எரியவில்லை. பிறகு தாணேயில் அந்தப் பொடியைப் பெரிய அளவில் செய்யும் ஆலை ஒன்று ஆரம்பித்தது. அவளை அங்கே தலைமைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு மத்தியானம் போன் வந்தது.

"மேடம், இங்ஙன டெஸ்டிங்குக்கு ஆள் தேடுதேன். அந்த மிஷின ஒங்க அளவுக்குத் தெரிஞ்சவ ஒருத்தியும் கெடைக்கல. வாரியளா?"

"என்னை எப்படி நம்பறே?" என்று கேட்டேன்.

"நம்பிக்கிட்டா கூப்பிடுதேன்?" என்றாள். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. "இங்ஙன எந்தச் செல்லு எந்தக் கிளிப்புல போனாலும் ரெண்டு பேரு பாத்துக் கையெழுத்துப் போடணும். நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு. அதுக்குச் சம்மதம்னா வாங்க."

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தாணே தூரம் என்று சொன்னேன். அம்மா அப்போது அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். கல்லில் மாவு சுள்ளென்ற சத்தம் போனிலும் கேட்டிருக்கும். "சரி, மாமிய நல்லாப் பாத்துக்கிடுங்க" என்று வைத்துவிட்டாள்.

அந்த வேலைக்கு யாரோ ஒருத்தி போய்ச் சேர்ந்திருக்கிறாள். யார், எங்கே படித்தவள், கை எப்படி என்று தெரிந்தவர்களிடம் எல்லாம் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. தினமும் அவள் பக்கத்தில் நின்று, அவள் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதுகிற அந்த முகம் தெரியாதவளைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது.